லிஃப்ட் கெட்டிதே

காக்ஸ் டவுனில் எங்கள் அடுக்ககம்.
ஏழு மாடி, ஒரே லிஃப்ட்.
மார்கழி பிறந்த அன்று அது
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்
ஒரு பால் பாக்கெட்டோடு நின்றது.
மறுநாள் கதவில் அட்டை தொங்கியது:
'லிஃப்ட் கெட்டிதே.'

நாங்கள் ஏழாம் மாடி.
மகன் செழியனுக்கு எட்டு வயது.
காய் என்று சொன்னால் கூரையைப் பார்ப்பான்.
பீன்ஸைக் கன்னத்தில் ஒதுக்கி
பள்ளி வேன் வரைக்கும் கொண்டுபோய்
வாசல் செம்பருத்திக்கு உரமிடுவான்.
செம்பருத்தி நன்றாகவே பூக்கிறது.

முதல் நாள் மாலை
மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.
"தூக்குப்பா."
தூக்கவா? எனக்கே
மூச்சு காதில் கேட்டது.
நாற்காலியை விட்டு எழாமலே
பதினாறு வருடம் சம்பாதித்தவன் நான்.
அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

3-பி கதவு திறந்தது.
பூவிகா, கையில் கிண்ணம்,
மிளகாய்த்தூள் தூவிய வெள்ளரித் துண்டுகள்.
துடைப்பக் கட்டையைக் குறுக்கே நீட்டினாள்.
"டோல் கேட். ஆளுக்கு ஒண்ணு
தின்னாத்தான் விடுவேன்."
"காசு?"
"காசு வாங்கமாட்டோம் அங்கிள்.
வாயைத் திறங்க."

செழியன் கூரையைப் பார்த்தான்.
கூரையில் ஒன்றுமில்லை.
தின்றான்.
கட்டை உயர்ந்தது.

வியாழனுக்குள் கட்டடம் முழுக்கச் சாவடிகள்.
இரண்டில் ஃபர்ஹான், கொய்யாக் கீற்றோடு.
நான்கில் இரட்டையர், கோசம்பரியோடு,
ஆளுக்கொரு கரண்டி, ஓயாத சண்டை.
ஆறாம் மாடியில் குடியே இல்லை;
அங்கே கட்டணம் பத்துத் தவளைப் பாய்ச்சல்.
ஐந்தில் கிரேஸ் ஆன்ட்டி,
முழங்கால் வலி, கீழே இறங்க முடியாது.
மாத்திரை, பேப்பர், பூனைக்கு மீன் என்று
அவருக்காக ஓடியவர்களுக்கு
எல்லாச் சாவடியும் இலவசம்.
ஆனாலும் வாயைத் திறந்துகொண்டேதான் ஓடினார்கள்.

"நம்ம மாடிக்கு என்னப்பா?"
ராத்திரி தூக்கத்தில்கூடக் கேட்டான்.
பிஸ்கட் என்றேன்.
"பிஸ்கட்டுக்கு யாருப்பா ஏழு மாடி ஏறுவாங்க?"

ஹாப்காம்ஸ் கடைக்கு அவன்தான் இழுத்துப் போனான்.
கேரட்டை வளைத்துப் பார்த்தான். தக்காளியைத் தட்டிப் பார்த்தான்.
அவரைக்காய்க் குவியலில் மூக்கை நுழைத்து
"சொகடு இருக்கா?" என்று கேட்டான்,
பெங்களூரிலேயே நாலு தலைமுறை இருந்தவன் மாதிரி.
கடைக்காரர் ஒரு கைப்பிடி கூடப் போட்டார்.

அன்று இரவு எங்கள் சமையலறையில்
பிதுக்கம்பருப்புப் போர்.
ஊறிய கொட்டையை விரலில் அழுத்தினால்
தோல் கையில், பருப்பு ஆகாயத்தில்.
ஒன்று மிக்ஸிக்குள், ஒன்று என் கண்ணாடியில்,
ஒன்றை இன்றுவரை காணவில்லை.
மிஞ்சியதை வேகவைத்து
தேங்காய் தூவி, எலுமிச்சை பிழிந்து
மறுநாள் மாலை சாவடி திறந்தான்.
ஏழு மாடியும் ஏறி வந்தது கூட்டம்.
கூட்டத்துக்குப் போதுமா என்று பார்க்க
அவனே ஆறு முறை ருசி பார்த்தான்.

பதினோராம் நாள் மெக்கானிக் வந்தார்.
லிஃப்ட் ஓடியது.
பெரியவர்கள் கைதட்டினோம்.
பிள்ளைகள் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டு வருகிறேன்,
தோளில் மடிக்கணினி, கையில் துணி சோப்பு.
லிஃப்ட் கதவில் புது அட்டை,
மூன்று மொழியில், நாலு கையெழுத்தில்,
தமிழில் மட்டும் ஒரு எழுத்துப்பிழை:
'லிஃப்ட் கெட்டிறுக்கிறது.
கிரேஸ் ஆன்ட்டிக்கு மட்டும் ஓடும்.'

பொத்தானில் பச்சை விளக்கு எரிந்தது.
மேலே எங்கோ, வாயைப் பொத்திய சிரிப்பு.
வாட்ச்மேன் பிஷ்ணு வானத்தைப் பார்த்தார்.

பீன்ஸ் இன்னும் செம்பருத்திக்குத்தான் போகிறது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

சோப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு
முதல் படியில் கால் வைத்தேன்.
இரண்டாம் மாடியில்
கொய்யா நறுக்கும் சத்தம்.